நீச்சலும் பெண்களும்

(பெரம்பலூர், அரியலூர் வட்டாரத் தோழர்களிடையே பேசியது)



பெண்கள் நீந்துவதைப்பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். பெண் தண்ணீரில் முழுகலாம், நீந்தலாகாது என்று நாம் பழக்கி வைத்திருப்பதே இச்சிரிப்புக்குக் காரணமாகும்.

ஒலிம்பிக் பந்தயத்தில் கலைநீச்சல் என்று ஒன்றுண்டு. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தனியாகவும் ஜோடியாகவும், 1996-ல் அட்லாண்டாவில் குழுவாகவும் பெண்களுக்கென்று இது வந்தது. இன்று குழு என்றால் எட்டுப் பேர். அடியில் கால் ஊன்றக்கூடாது. மூக்கை இடுக்கியால் அடைத்துக்கொண்டு, தலைகீழாக நின்று, தண்ணீருக்கடியில் வைத்த ஒலிபெருக்கியில் சங்கீதம் கேட்டு, எல்லோரும் ஒரே கணத்தில் காலை உயர்த்தவேண்டும். 2024-ல் பாரிஸில் சீனப் பெண்கள் தங்கம் வென்றார்கள். நம் நாட்டுக் குழு அங்கில்லை.

நம் பெண்களுக்குச் சக்தியில்லையா? கல்கத்தாவின் ஆரத்தி சாகா 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது வயது 11. 1959-ல் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்ணும் அவரே. எந்தத் தெய்வமும் கோபிக்கவில்லை, கடலும் வற்றிப்போகவில்லை.

நிற்க, நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். ஆடிப் பதினெட்டில் கொள்ளிடக் கரையில் பெண்கள் காதோலை கருகமணி விட்டுக் கும்பிடுகிறார்கள். தண்ணீரைத் தாயென்று கும்பிடச் சொன்னவர்கள், அந்தத் தாய் இழுத்தால் தப்பும் வழியைச் சொல்லிக் கொடுத்தார்களா? பையன் கிணற்றில் குதித்துக் கற்றுக்கொள்ளுகிறான். துணி துவைக்கவும் ஆடு மாடு கழுவவும் தண்ணீரில் இறங்குகிற பெண்ணோ படியிலேயே நிற்கிறாள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. கால் வழுக்கினால் என்ன கதி? செத்த பிறகு "ஏரி காவு வாங்கிற்று" என்கிறோம். காவு வாங்கியது ஏரியல்ல, நம் மூடத்தனமே!

உடை ஒட்டுமே, மானம் போகுமே, மாப்பிள்ளை கிடைப்பானா என்று கேட்கிறீர்கள். மூழ்கிச் செத்த பெண்ணுக்கு மாத்திரம் மாப்பிள்ளை வருவானா? உயிரைவிட உடையைப் பெரிதாக்கும் மானம் யாருக்காக?

ஆகவே தோழர்களே! நீந்தத் தெரிந்த தகப்பன் மகனுக்குக் கற்பிக்கும் நாளிலேயே மகளுக்கும் கற்பிக்கட்டும். நீச்சல்குளம் உள்ள ஊரில் பெண்களுக்குத் தனி நேரமும் பெண் ஆசிரியரும் வேண்டுமென்று கேளுங்கள். பதக்கம் பிறகு வரட்டும். முதலில் நம் பெண்மக்கள் உயிரோடு கரையேறட்டும்.