ஒரு குரலுக்குப் பின்னால் ஒரு வீடு

(எங்கள் கிளையின் ஆண்டு விழாவில், குழந்தைகளின் பாட்டுப் போட்டி முடிந்ததும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாமி, பத்து நிமிஷம் பேசுங்கோ, அப்புறம் பரிசு கொடுத்துடலாம்" என்றார் செயலாளர். பத்து நிமிஷத்துக்குள் முடித்துவிடுகிறேன். ஒரு கேள்வி கேட்டு ஆரம்பிக்கிறேன். இங்கே எத்தனை பேர் வீட்டில் பி. லீலா பாடிய நாராயணீயம் இருக்கிறது? பாருங்கள், பாதிக்கு மேல் கை தூக்குகிறீர்கள். செம்பூரிலும் மாதுங்காவிலும் கரோல்பாகிலும் கேட்டாலும் இப்படித்தான் இருக்கும். விடியற்காலையில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே காப்பி போட்டவர்கள் நாம். அந்தக் குரல் எப்படி உண்டாயிற்று என்று நம்மில் அதிகம் பேர் யோசித்ததில்லை. நான் யோசித்ததற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது.

நான் வளர்ந்தது பாலக்காட்டு ஆனைக்கரையில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அங்கே கிராமம் இல்லை. நம்மவர் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனைக்கரை என்றால் எல்லோரும் சொல்வது வடக்கத்து வீட்டைத்தான். சென்னையில் பெயர் பெற்ற வக்கீலாக இருந்த பாலக்காட்டு பிராமணர் சுவாமிநாதன், 1908-இல் அந்த வீட்டு அம்முவை மணந்தார். அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தார். மகள்களில் லட்சுமி நேதாஜியின் படையில் கேப்டன் ஆனார். மிருணாளினி நாட்டியத்தில் உலகப் புகழ் பெற்றார். ஆகவே பெண் மேடை ஏறுவது அந்த ஊருக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டுக்குத்தான் புதிது.

அத்தையிடம் நான் பாட்டு சொல்லிக்கொண்டேன். 1958-இல் எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூட விழாவில் நான் பாடியதைக் கேட்ட ஒருவர் சொல்லி, கோழிக்கோடு வானொலியில் குழந்தைகள் நிகழ்ச்சியில் பாட அழைப்பு வந்தது. அப்பா கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "பெண்கொழந்தை ஆத்துக்குள்ளே பாடட்டும். ரேடியோவிலே பாடினா அந்தக் குரல் எந்த டீக்கடையிலே கேக்குமோ, யார் கண்டா?" என்றார். கடிதம் பஞ்சாங்கத்துக்குள் போயிற்று. அதற்குப் பிறகு வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதே அப்பா, பக்கத்து வீட்டு ரேடியோவில் 'மிஸ்ஸியம்மா' பாட்டு வந்தால் திண்ணைக்கு வந்து நின்று கேட்பார். "என்ன சாரீரம்! நம்ம சித்தூர்ப் பெண்ணாக்கும்" என்று பெருமைப்படுவார். சித்தூர்ப் பெண் என்றது பி. லீலாவை.

லீலா பிறந்தது 1934-இல், பாலக்காட்டுச் சித்தூரில். தகப்பனார் குஞ்சன் மேனன் எர்ணாகுளத்தில் பள்ளி ஆசிரியர். கவனியுங்கள், அவரும் வாத்தியார்தான். அவருக்கு மூன்று பெண்கள். ஒருத்தியாவது நல்ல சங்கீத வித்வாம்சினி ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. லீலாவுக்குப் பத்து வயதானபோது, 1944-இல், கையைப் பிடித்துக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டார். யுத்தம் முடியாத காலம். அரிசிக்கும் துணிக்கும் தட்டுப்பாடு. அந்தக் காலத்தில் ஒரு மேனன் தன் பெண்ணைப் பாட்டுக்காக வேற்று ஊரில் கொண்டு வைப்பது சின்னக் காரியமா?

குருகுல வாசம் வடக்காஞ்சேரி ராம பாகவதரிடம். மலையாளம் பேசும் பெண், பாலக்காட்டு பாகவதர் வீட்டில், தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பாடம் செய்தது. செம்பை வைத்தியநாத பாகவதரிடமும் கற்றது. துர்காபாய் நிறுவிய ஆந்திர மகிளா சபாவில் சிறுமியாகவே கச்சேரி செய்தது.

கொலம்பியா ரிகார்டு கம்பெனி ஒரு பெண் குரலைத் தேடிக்கொண்டிருந்தது. அதன் வழியாகத்தான் சினிமா வந்தது. பதின்மூன்று வயதில் 'கங்கணம்' என்ற தமிழ்ப் படத்தில் ஒரு சுலோகம் பாடினார். 1948-இல் மலையாளத்தில் 'நிர்மலா' வந்தது. பின்னணிக் குரல் கொண்ட முதல் மலையாளப் படம் அது. அதில் அவரோடு பாடிய டி. கே. கோவிந்த ராவ் பிற்காலத்தில் சங்கீத கலாநிதி ஆனார். 1949-இல் தெலுங்குக்கும் போனார்.

தெரியாத பாஷைப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடியவர் அவர். ஆனால் கேட்டால் தெரியாது. தெலுங்குக்காரர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பெண் என்றார்கள். நாம் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' போட்டி நடனத்தில் அவரும் ஜிக்கியும் பாடியதைக் கேட்டுத் தமிழச்சி என்று நினைத்தோம். கன்னடம், இந்தி, வங்காளி, சிங்களம் வரை பாடினார். 1963-இல் வந்த 'லவகுசா'வில் அவரும் சுசீலாவும் லவனுக்கும் குசனுக்கும் குரல் கொடுத்தார்கள். இருபத்தெட்டு வயசுக்கு மேலே, இரண்டு சிறுவர்கள் ராமாயணம் பாடுகிற மாதிரியே இருக்கும். 1968-இல் சாவித்திரி இயக்கிய 'சின்னாரி பாப்பலு' என்ற தெலுங்குப் படத்துக்கு இசையமைத்ததும் லீலாதான். அடுத்த ஆண்டே 'கடல்பாலம்' படத்துக்காகக் கேரள அரசின் விருது கிடைத்தது.

சினிமாவில் புதுக் குரல்கள் வந்தபோது அவருக்குப் பாட்டுகள் குறைந்தன. ஆனால் குருகுலத்தில் கற்றது கை கொடுத்தது. மேல்பத்தூரின் சமஸ்கிருத நாராயணீயத்தையும் பூந்தானத்தின் மலையாள ஞானப்பானையையும் அவர் குரலில் நாம் பெற்றோம். பண்டிதரின் புலமையைவிட பக்தரின் பக்தியே குருவாயூரப்பனுக்கு உகந்தது என்று கதை சொல்வோமே, அந்த இரண்டையும் ஒரே குரல் நம் வீட்டுக்குக் கொண்டுவந்தது. 2005 அக்டோபர் 31-இல் சென்னையில் காலமானார். பத்மபூஷண் 2006-இல், அவர் போன பிறகு வந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்பாவுக்கு வயதாகி, என்னோடு வந்து இருந்தார். தினமும் விடியற்காலையில் டேப்பில் நாராயணீயம் வைக்க வேண்டும். ஒரு நாள் பாதியில் டேப் சிக்கிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தேன். "அது கெடக்கட்டும், நீ சொல்லு" என்றார். நான் பாடினேன். தசகம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டே, "அந்தக் கடுதாசிய நான் கிழிக்கலே, வெச்சிண்டுதான் இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். அவர் மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. பந்துக்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்த மனுஷர். இரண்டு வாத்தியார்கள், இரண்டு பெண்கள். ஒருவர் ரயில் ஏறினார், ஒருவர் பஞ்சாங்கத்தை மூடினார்.

எனக்கும் அந்தக் குரல் இருந்தது என்று சொல்ல வரவில்லை. இருந்ததா என்று பார்க்கவே வழியில்லாமல் போயிற்று என்பதுதான் வருத்தம்.

இப்போது காலம் நேர் எதிராகிவிட்டது. பெங்களூரில் என் பேத்திக்கு ஒன்பது வயது. டி.வி. போட்டிக்குத் தேர்வு, வாரம் ஒரு பாட்டு, போனில் பதிவு செய்து போட்டால் சாயங்காலத்துக்குள் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். அன்றைக்கு எங்களை மேடை ஏற விடவில்லை. இன்றைக்குக் குழந்தைகளைப் பாடம் ஏறுவதற்கு முன்பே மேடை ஏற்றுகிறோம். போன மாதம் தேர்வில் கழிந்துபோய், "பாட்டி, எனக்குப் பாட்டே வராதா?" என்று அழுதாள். ஒன்பது வயதில் கேட்கிற கேள்வியா இது?

குஞ்சன் மேனன் செய்ததை மறுபடி பாருங்கள். முதலில் குரு, பிறகு மேடை, அதற்குப் பிறகுதான் ரிகார்டு. அவர் பெண்ணுக்குக் கொடுத்தது புகழ் இல்லை, வருஷங்கள். அந்த வருஷங்களில் கூடவே இருந்தார். நாம் குழந்தைகளுக்கு ஸ்ருதிப் பெட்டி வாங்கிக் கொடுக்கிறோம், கட்டணம் கட்டுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறோமா?

பேத்திக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "உனக்குப் பாட்டு வருமா என்று பத்து வருஷம் கழிச்சுப் பார்ப்போம். அதுவரைக்கும் தினமும் காலம்பற எனக்குப் போனில் ஒரு வர்ணம் பாடு." பாடுகிறாள். சில நாள் தூக்கக் கலக்கத்தில் ஸ்ருதி விலகும். நான் ஒன்றும் சொல்வதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குப் பரிசு மூன்று பேருக்குத்தான். பரிசு கிடைக்காத குழந்தைகளின் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் காரணம் கேட்காதீர்கள். அதே பாட்டை இன்னொரு தரம் பாடச் சொல்லி, முழுக்க உட்கார்ந்து கேளுங்கள்.