கேட்கும் கலை

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. உறங்கும்போதும் அது திறந்தே இருக்கிறது. ஆயினும், காதில் விழுவதையெல்லாம் நாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. விழுவது தானே நிகழ்வது. கேட்பது நாம் செய்வது. இவ்வேறுபாட்டைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட இசைக் கலைஞர் ஒருவரைப் பற்றி இன்று சில சொல்ல விழைகிறோம்.

அவர் பெயர் பாலின் ஆலிவெரோஸ். 1932-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பிறந்தவர். அவர் கைக்கருவி அக்கார்டியன். ஆர்மோனியத்தைப் போன்றே துருத்திக் காற்றால் இயங்குவது. ஆனால் மார்போடு அணைத்து, துருத்தியை விரித்தும் சுருக்கியும் வாசிக்க வேண்டும். வாசிப்பவரோடு சேர்ந்து கருவியும் மூச்சு விடுவதுபோல் தோன்றும்.

1953-இல் அவருடைய பிறந்தநாளுக்கு அன்னையார் ஓர் ஒலிப்பதிவுக் கருவியைப் பரிசளித்தார். அதன் ஒலிவாங்கியைச் சன்னலில் வைத்துப் பதிவு செய்து, பின்னர் போட்டுக் கேட்டார். தாம் அங்கேயே இருந்தும் தம் கவனத்துக்கு எட்டாத ஒலிகளை அது பிடித்து வைத்திருந்தது. எந்நேரமும் எல்லா ஒலிகளையும் கேட்பது, கேளாதிருக்கையில் அதனைத் தமக்கே நினைவூட்டிக்கொள்வது என்று அவர் ஒரு நோன்பை மேற்கொண்டார்.

1960-களின் இறுதியில் வியத்நாம் போரினால் அமெரிக்கா கொந்தளித்தது. மனம் கலங்கிய ஆலிவெரோஸ் சற்றே ஒதுங்கி, ஒரே சுரத்தை நெடுநேரம் பாடியும் வாசித்தும், அது தம் மூச்சிலும் உடலிலும் மனத்திலும் என்ன செய்கிறது என்று கவனித்தார். தாய்ச்சி என்னும் சீனத்து மெல்லசைவுப் பயிற்சியையும் கற்றார். இவற்றின் பயனாக, 1970-களின் முற்பகுதியில் 'ஒலித் தியானங்கள்' உருவாயின. இசை கல்லாதவரும் செய்யத்தக்கவை அவை. இரவில் அரவமின்றி நடந்து, நிலத்தைப் பாதத்தாலேயே கேட்க முயல்வது அவற்றுள் ஒன்று.

1988-இல் வாஷிங்டன் மாநிலத்தில், தரைக்குக் கீழே 14 அடி ஆழத்தில் வறண்டு கிடந்த நீர்த்தொட்டி ஒன்றினுள், இரு இசைவாணருடன் இறங்கி வாசித்தார். எழுந்த ஒலி அடங்குவதற்கு ஏறத்தாழ 45 விநாடி பிடித்தது. அங்கே அவசரப்பட்டால் ஒலிமேல் ஒலி விழுந்து குழம்பும். வாசிப்பதைவிடக் கேட்பதே பெரும்பணியாயிற்று. 'ஆழ்ந்து கேட்டல்' என்னும் பெயர் அதன்பின் வந்தது. 2016-இல் மறையும் வரை அதனையே கற்பித்தார்.

இனி, நம் அனுபவம் ஒன்று. பிழைப்பு நாடித் தில்லிக்கு வந்த நாளில், சுற்றிலும் ஒலித்த வேற்றுமொழியை இரைச்சலென்று கருதி மனக்காதை அடைத்துக்கொண்டோம். மொழி பழகிய பின்னரும் அவ்வடைப்பு நீங்கவில்லை. அலுவல் முடிந்து மாலையில் வீடு திரும்பினால் தாடை இறுகியிருக்கும். தோள்கள் காதருகே ஏறியிருக்கும்.

ஆலிவெரோஸைப் படித்த பின் ஒரு மாலை, பேருந்து நிறுத்தத்தில் இரு பாதங்களும் தரையில் பதிந்திருப்பதை உணர்ந்து, தோள்களைத் தளர்த்தி, விழும் ஒலிகளை ஒவ்வொன்றாக எண்ணினோம். காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு சென்றார். சொற்கள் நாம் அறிந்தவையே. அவற்றின் அடியில் இருந்த களைப்பை அன்றுதான் கேட்டோம். சொல்லுக்குச் சொல் மாற்றுவதே தொழிலாகக் கொண்ட நாம், பல ஆண்டுகளாகக் குரலைக் கேளாமலே இருந்திருக்கிறோம்! தெருவின் இரைச்சல் குறையவில்லை. ஆனால் தோள் இறங்கிற்று.

இது மருந்தன்று, நோயுற்றவர் மருத்துவரையே நாடவேண்டும். ஆயினும், அயலூரில் வாழும் நமக்கு இதில் ஒரு நன்மை உண்டு. ஊரைக் கேளாதவரை நாம் அங்கே விருந்தினரே. கேட்கத் தொடங்கிய பின்னரே குடியிருப்பவர் ஆகிறோம்.

இவ்வுரை முடிந்ததும் வானொலியை நிறுத்திவிட்டு, இரண்டு நிமிடம் அமைதியாக அமருங்கள். தொலைவிலுள்ள ஒலியை முதலில் கேளுங்கள். பின் தெருவை, பின் வீட்டை, முடிவில் உங்கள் மூச்சை.