பெட்டியின் சாவி யாரிடம்?



அகதிப் பெண்ணுக்கு ஒரு படி தானியம் அளந்துவிட்டால் நம் கடமை தீர்ந்ததென்று எண்ணுகின்றோம். அவளுக்கும் கையும் புத்தியும் உண்டென்பது ஞாபகத்துக்கு வருவதில்லை.

ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா தேசத்தில் 2006-ம் வருஷத்திய சட்டப்படி அகதிகள் வேலை செய்யலாம். 2016-ல் தென்சூடான் சண்டைக்குத் தப்பி வந்து பிடிபிடி என்னுமிடத்தில் குடியேறியவர்கள் 2 லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலமும் கிடைத்தது. அது உள்ளூர்க் குலத்தார் விட்டுக்கொடுத்த நிலம். அக்குலத்துப் பெண்ணோ ஆயுள் முழுதும் அந்த மண்ணைக் கொத்தினாலும் நிலம் புருஷன் வழிச் சொத்துத்தான்! "வந்தவளுக்கு உண்டு, எனக்கென்ன?" என்று அவள் கேட்டால் குற்றமா? ஆகையால்தான் அகதிகளுக்கு வரும் உதவியில் 100-க்கு 30 பங்கு உள்ளூராருக்கென்று திட்டம் செய்தார்கள்.

2023-ல் உணவு உதவியும் குறைக்கப்பட்டது. அளக்கிற கை எப்போதும் அளக்குமா?

அங்கே பெண்கள் கூடி வாராவாரம் காசு சேர்த்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து, வட்டியைப் பங்கிட்டுக்கொள்ளுகிறார்கள். நம்மூர்ச் சீட்டுப் போலத்தான். 1991-ல் நைஜர் தேசத்துப் பெண்களிடையே தொடங்கின முறை இது. பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பேரிடம்.

மூன்று பூட்டு எதற்கு, வீட்டுப் புருஷன்மாரிடம் நம்பிக்கையில்லையா என்று பின்னாலிருந்து ஒரு தோழர் கேட்கிறார். அதை அவர் வீட்டம்மாளிடம் கேட்கட்டும்.