மூன்று எண்களும் ஓர் எச்சரிக்கையும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசைக்கும் நாடகத்திற்கும் இடையே மின்சாரக் கணக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். தில்லியின் மார்கழிக் குளிரே அதற்கு விடை. தெற்கிலிருந்து வரும் நம்மவர் வாடகை அறைக்கு முதலில் வாங்கும் பொருள்களுள் ஒன்று ஹீட்டர். அதனை எந்தப் பிளக்கில் செருகுவது என்பது உயிரைக் காக்கும் கணக்கு. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் அதனைப் போடலாம்.

குழாயில் நீரைத் தள்ளும் அழுத்தம் போன்றது வோல்ட். ஓடும் நீரின் அளவு போன்றது ஆம்பியர். ஓட்டத்தைத் தடுக்கும் குறுகல் போன்றது தடை. தடையை அளக்கும் ஓம் என்னும் அலகு, 1827-இல் இவ்வுறவை நூலாக வெளியிட்ட ஜெர்மானிய ஆசிரியர் ஜார்ஜ் ஓமின் பெயரால் வழங்குவது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. இரண்டையும் பெருக்கினால் வாட் என்னும் திறன். ஹீட்டருக்கு இக்கணக்கு நேரே பொருந்தும். மோட்டாருக்குத் திறன் காரணி என்னும் வேறோர் எண்ணும் சேரும்.

நம் ஹீட்டர் 2000 வாட் என்க. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் தடை 26.4 ஓம். ஒரு மணி நேரம் எரிந்தால் செலவு 2 யூனிட்.

சிறிய பிளக் தாங்குவது 6 ஆம்பியர். பெரியது தாங்குவது 16. ஆகவே ஹீட்டருக்குப் பெரியதே உரியது. பெரிய பிளக்கைச் சிறிய துளையில் பொருத்தும் அடாப்டர் கடையில் கிடைக்கிறது. ஆனால் சுவரினுள் இருக்கும் கம்பியை அது தடிப்பாக்குவதில்லை!

தளர்ந்த இணைப்பு ஒன்றில் அரை ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, மீண்டும் தடையால் பெருக்கினால் 38 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் அளவுச் சூடு அச்சிறு முனையில் ஓயாது பிறக்கிறது. ஓட்டம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்கு. தீ பிறக்கும் வழி இதுவே.

ஓட்டத்தைக் குறைத்தால் வீண்சூடு குறையும் என்னும் இவ்வுண்மை இரயில் பாதைகளையும் மாற்றியது. 1925-இல் பம்பாயிலும், 1931-இல் சென்னை கடற்கரை–தாம்பரம் பாதையிலும் 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1957-இல் இந்திய இரயில்வே 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தைத் தேர்ந்தது. 50 இலட்சம் வாட் திறனுக்கு முன்னதில் 3333 ஆம்பியர் வேண்டும். பின்னதில், திறன் காரணியை ஒதுக்கிப் பார்த்தால், 200 போதும். ஒரே தடையில் வீணாகும் சூடு ஏறத்தாழ 278-இல் ஒரு பங்கு! அதனால் மெல்லிய கம்பி போதுமானதாயிற்று. துணைமின் நிலையங்களையும் தொலைவில் அமைக்க முடிந்தது. 2002-இல் ஓடத் தொடங்கிய தில்லி மெட்ரோவும் 25,000 வோல்ட்டையே மேற்கொண்டது.

வீட்டில் வோல்ட்டை மாற்றுவது நம் கையில் இல்லை. ஓட்டத்தை அறிந்து நடப்பது நம் கையில் உண்டு. இன்றிரவே ஹீட்டரின் தகட்டில் உள்ள வாட் எண்ணைப் பாருங்கள், 230-ஆல் வகுங்கள். விடை 6-ஐ மிஞ்சினால் பெரிய பிளக்கையே நாடுங்கள். பிளக் சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ மெயின் சுவிட்சை அணைத்து எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஊரிலிருந்து புதிதாய் வந்த பிள்ளைகளுக்கும் இக்கணக்கைச் சொல்லிக்கொடுங்கள்.