வாழாவெட்டி என்றொரு பட்டம்
(பூண்டுலோயாவில் ஆற்றிய உரை)

கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மரக்கறிப் பாத்தியையும் பள்ளிக்கூடத்தையும் விட்டு வந்திருக்கும் நண்பர்களே!

சம்பளத்தைப் பற்றிப் பேச மேடைகள் பல உண்டு. நான் இன்று லயத்துக் காம்பராவுக்குள்ளே நடப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

"வாழாவெட்டி" என்றொரு சொல் நம்மிடம் இருக்கிறது. கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணுக்கு நாம் சூட்டிய பட்டம் அது. மனைவியைப் பிரிந்த ஆணுக்கு அப்படியொரு சொல் உண்டா? தேடிப் பாருங்கள், கிடைக்காது. முறிந்தது இருவர் வாழ்வு. பட்டம் மட்டும் ஒருத்திக்கு!

தோட்டத்திலே மணமுறிவு எப்படி நடக்கிறது? ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டு வாசலில் இரு பக்கத்துப் பெரியவர்களும் கூடுகிறார்கள். பேசுகிறார்கள், ஏசுகிறார்கள், முடிவில் தாலி கழற்றப்படுகிறது. பாத்திரம் பண்டம் பிரிக்கப்படுகிறது. பிள்ளை அம்மாயி வீட்டுக்குப் போகிறது. "இனி அவரவர் வழி" என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். செலவில்லை, அலைச்சலில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், தோழர்களே, சட்டத்தின் கண்ணுக்கு அன்று எதுவுமே நடக்கவில்லை!

"நாங்கள் பதிவே செய்யவில்லையே, பிறகு என்ன சட்டம்?" என்று கேட்பீர்கள். பதிவில்லை என்பதாலேயே மணம் இல்லை என்று ஆகிவிடாது. முறைப்படி சடங்கு நடந்து, ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால், நீதிமன்றம் அதையும் திருமணமாக ஏற்கும். அந்தத் திருமணத்தை முறிக்கும் அதிகாரம் தலைவருக்கும் இல்லை, துரைக்கும் இல்லை. மாவட்ட நீதிமன்றத்துக்கே உண்டு. முறிக்காமல் அவன் இன்னொருத்தியை மணந்தால், அந்த மணம் செல்லாது என்கிறது 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். தாலி வாங்கிய இரண்டாமவளும் ஏமாந்தாள், தாலி கழற்றிய முதலாமவளும் ஏமாந்தாள்.

சரி, நீதிமன்றம் போவோம் என்றால், அங்கே வழி எளிதா? அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் மூன்றுதான். மணத்துக்குப் பின் பிறரோடு கூடியது, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டது, மணநாளிலேயே தீராத ஆண்மைக் குறை இருந்தது. அடித்து விரட்டப்பட்டு வெளியேறியவள் கைவிட்டவள் ஆகமாட்டாள். விரட்டியவனே கைவிட்டவன் என்று நீதிமன்றங்கள் கொள்வதுண்டு. அது நல்லது. ஆனால் இருவரும் மனமொத்து, "எங்களால் சேர்ந்து வாழ முடியவில்லை, கண்ணியமாகப் பிரிகிறோம்" என்று கைகோர்த்து வந்து நின்றால் அது போதாது! ஒருவர் மற்றவர்மீது குற்றம் சாட்டியே தீரவேண்டும்.

இங்கிருந்து கொத்மலைப் பக்கம் இறங்குங்கள். அங்கே கண்டியச் சிங்கள உழவர் வாழ்கிறார்கள். 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டப்படி மணந்துகொண்டவர்கள், இருவரும் இசைந்தால் மாவட்டப் பதிவாளரிடமே விவாகரத்துப் பெறலாம். நீதிமன்றப் படி ஏறவேண்டியதில்லை, கூண்டில் நின்று ஒருவரையொருவர் தூற்றவேண்டியதில்லை. அந்த ஏழை உழவனுக்கு அந்த வசதி இருப்பதில் எனக்குப் பொறாமையில்லை, மகிழ்ச்சியே. அதே மழையில் நனையும் மலையகத் தமிழனுக்கும் தமிழச்சிக்கும் ஏன் இல்லை என்பதே என் கேள்வி. இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், 1976இல், இருவர் இசைவால் பிரியும் வழி சேர்க்கப்பட்டது. அதற்கு வெகுமுன்பே, 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று கேட்டது.

பணத்துக்கு வருகிறேன். 1984இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி வந்தது. அவள் கூலி அவளுடைய சொத்து. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்திலிருந்து அது அப்படித்தான். ஆனாலும் அவள் பெயருக்கு விழுந்த சம்பளத்தைக் கணவன் வாங்கிக்கொண்டு போனதை நாம் பார்க்காதவர்களா? பிரிவு வரும் நாளில் அவள் கையில் பஸ் காசும் இல்லை.

தாய்மார்களே, இதை மட்டும் கேளுங்கள். தாபரிப்புப் பணம் கேட்க விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். பிள்ளைக்கும் கேட்கலாம், தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத நிலையில் உங்களுக்கும் கேட்கலாம். மணமாகாமல் பிறந்த பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. அடி உதை என்றால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், அவன் பெயரில் இருக்கிறது என்று அஞ்சவேண்டாம். அடிப்பவன் அந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று நீதவான் கட்டளையிட முடியும். வழக்கறிஞருக்குப் பணமில்லையா? வசதியற்றவர்களுக்கு வழக்காட 1978இன் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. திருமணப் பத்திரம், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும். ஊழியர் சேமலாப நிதியில் யார் பெயரை எழுதிக்கொடுத்தீர்கள் என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

விவாகரத்து வழக்கில் தீர்ப்பு வந்த அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் எண்ணாதீர்கள். முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழிந்து, அது முடிவான தீர்ப்பான பின்பே மறுமணம்.

மனத்தின் பாட்டை எந்தச் சட்டம் தீர்க்கும்? பட்டணத்தில் பிரிந்தவர்கள் தெருவை மாற்றிக்கொள்வார்கள். இங்கோ ஒரு சுவருக்கு இப்புறம் அவள், அப்புறம் அவன் தாய். காலையில் பிரட்டுக்களத்தில் அதே முகம், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதே முகம். பிள்ளை இரண்டு வாசலுக்கும் நடுவே நிற்கிறது. ஆணும் நோகாமல் இல்லை. அவன் நோவு சாராயக் கடையில் கரைகிறது, அவள் நோவுக்கு அந்தக் கடையும் இல்லை. ஆசிரியர்களே, அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் மூடி உட்கார்ந்திருந்தால் மந்தம் என்று எழுதிவிடாதீர்கள்.

தோட்டத் தலைவர்களே, அடுத்த ஞாயிறு உங்கள் வாசலுக்கு ஒரு பிணக்கு வரும். சேர்த்துவைக்க முடிந்தால் சேர்த்துவையுங்கள். முடியாதபோது தாலியைக் கழற்றச் சொல்லாதீர்கள். அவளை நீதவான் நீதிமன்றத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் சம்பளத்தையும் காணியையும் கேட்கும் அதே மூச்சில், கொத்மலை உழவனுக்கு 1952இல் கொடுத்ததை எங்களுக்கு எப்போது கொடுப்பீர்கள் என்று கேளுங்கள்.