சொட்டு மருந்தும் கொல்லா நெறியும்

(விழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து தேவைதானா என்பது இன்று எனக்கு அளிக்கப்பட்ட பொருள். கேட்பதற்குச் சிறிய பொருள்தான். ஆயினும், குழந்தை பிறந்து வீடு திரும்பும் நாளில் மருத்துவர் இம்மருந்தை எழுதிக் கொடுத்தவுடன் நம் இல்லங்களில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. தாய்ப்பாலே நிறைவான உணவு என்றால் இது எதற்கு என்பது ஒன்று. இது எந்த உயிரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பது மற்றொன்று. முன்னது எல்லா வீடுகளிலும் கேட்கப்படுவது. பின்னது நம் வீடுகளுக்கே உரியது. இரண்டிற்கும் தெளிவான விடை கிடைக்காதபோது, மருந்துப் புட்டி திறக்கப்படாமலே அலமாரியில் தங்கிவிடுகிறது. அதன் விளைவைச் சுமப்பதோ, வினா எழுப்பவே அறியாத பச்சிளங்குழந்தை.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். தாய்ப்பாலுக்கு நிகரான உணவு குழந்தைக்கு வேறில்லை. இதில் ஐயமே வேண்டா. ஆனால் வைட்டமின் டி மற்ற சத்துகளைப் போன்றதன்று. அது பெரும்பாலும் உணவின் வழியே வருவதில்லை. கதிரவனின் புறஊதாக் கதிர் தோலின்மீது படும்போது உடலிலேயே உருவாகிறது. பின்னர் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்று, குடலிலிருந்து சுண்ணாம்புச் சத்தை ஈர்த்து எலும்பிற்கு வழங்க உதவுகிறது. இயற்கை இப்பணியைப் பாலிடம் ஒப்படைக்காமல் வெயிலிடம் ஒப்படைத்திருக்கிறது. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் பொதுவாக 50 அலகுக்கும் குறைவான வைட்டமின் டி மட்டுமே உள்ளது. குழந்தைக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவதோ 400 அலகு. ஆகவே சொட்டு மருந்து கொடுப்பது தாயின் பாலைக் குறை கூறுவதாகாது. வெயில் செய்ய வேண்டிய வேலையை நிறைவு செய்வதாகும்.

"அப்படியானால் வெயிலிலேயே காட்டிவிடலாமே, எண்ணெய் தேய்த்து இளவெயிலில் கிடத்துவது நம் வழக்கம்தானே" என்று மூத்தோர் கேட்பர். நியாயமான கேள்வி. ஆனால் காலை ஏழு மணியளவில் கதிரவன் சாய்வாக இருப்பதால், வைட்டமின் டியை உருவாக்கும் கதிர் வளிமண்டலத்திலேயே பெரிதும் தடுக்கப்பட்டுவிடுகிறது. அக்கதிர் போதிய அளவில் கிடைப்பது முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரையில்தான். அந்த வெயிலை ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தையின் மெல்லிய தோல் தாங்காது. கண்ணாடிச் சாளரத்தின் வழியே வரும் வெயிலோ பயன் தராது. கண்ணாடி அக்கதிரை மறித்துவிடும். நம் தோலின் கருநிறம் வெயிலின் கொடுமையிலிருந்து நம்மைக் காக்கிறது. அதே காரணத்தால் வைட்டமின் டி உருவாவதையும் மெதுவாக்குகிறது. வெயில் மிகுந்த நாட்டிலும் இக்குறைபாடு பரவலாகக் காணப்படுவதற்கு இவையெல்லாம் காரணங்கள்.

மேலும், குழந்தை பிறக்கும்போது கொண்டுவரும் இருப்பு தாயினுடைய இருப்பைப் பொறுத்தது. வீட்டினுள்ளேயே நாளைக் கழிக்கும் தாயிடம் அது குறைவாக இருந்தால், குழந்தையும் குறைந்த இருப்புடனேயே பிறக்கும். அந்நிலை நீடித்தால் ரிக்கெட்ஸ் எனப்படும் எலும்பு மென்மை நோய் உண்டாகிறது. மணிக்கட்டு பருத்தல், உச்சிக்குழி மூடத் தாமதமாதல், நடக்கத் தொடங்கியபின் கால்கள் வில்லாக வளைதல் ஆகியவை அதன் அடையாளங்கள். சில குழந்தைகளுக்கு எலும்பில் எவ்வித மாற்றமும் தெரியுமுன்னரே, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து தாழ்ந்து திடீரென வலிப்பு வருவதுண்டு. இதனால்தான் பிறந்த சில நாட்களிலிருந்தே நாள்தோறும் 400 அலகு, அதாவது 10 மைக்ரோகிராம், கொடுக்குமாறு மருத்துவ உலகம் அறிவுறுத்துகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2008ஆம் ஆண்டில் இவ்வளவை வகுத்தது. முதல் ஓராண்டுக்கு இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைப்பதும் இதே அளவுதான்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் அன்றித் தண்ணீரும் கூடாது என்ற அறிவுரைக்கு இது முரணாகாதா எனில், ஆகாது. உலக சுகாதார நிறுவனம் "தாய்ப்பால் மட்டும்" என்பதை வரையறுக்கும்போதே, வைட்டமின், தாதுச் சத்து, மருந்து ஆகியவற்றின் சொட்டுகளுக்கு இடமளித்துள்ளது. சேனை வைக்கும் சர்க்கரைத் தண்ணீருக்குத்தான் இடமில்லை. மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பிறர் வழக்கமும் ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தீங்கானது; தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் விதைகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கிவிடலாம். தேனை விலக்கிய நம் முன்னோரின் நெறி, இவ்விடத்தில் குழந்தைக்கும் காப்பாக அமைகிறது.

இனி இரண்டாம் வினா. இதனை அற்பமானதாக எண்ணும் மருத்துவர்கள் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. நாவில் படுவது எவ்வுயிரை வருத்தி வந்தது என்று கேட்பது நம் மரபின் முதற்பாடம். இந்த ஐயத்திற்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. 1922ஆம் ஆண்டில் மெக்காலம் என்னும் அறிஞர் இச்சத்தைத் தனித்து இனங்கண்டது மீனின் ஈரல் எண்ணெயில்தான். நெடுங்காலம் குழந்தைகளுக்கு அவ்வெண்ணெயே புகட்டப்பட்டது. ஆனால் இன்று குழந்தைகளுக்கான சொட்டு மருந்துகளில் பெரும்பாலானவை மீனிலிருந்து வருவனவல்ல.

இப்போதுள்ள மூலங்கள் முக்கியமாக மூன்று. முதலாவது, செம்மறியாட்டின் கம்பளியைக் கழுவும்போது பிரியும் லனோலின் என்னும் மெழுகு. பெரும்பாலான வைட்டமின் டி3 இதிலிருந்தே செய்யப்படுகிறது. கம்பளி பொதுவாக உயிருள்ள ஆட்டிடமிருந்து கத்தரிக்கப்படுகிறது. எனினும் இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட ஆட்டின் தோலிலிருந்து எடுக்கப்படும் கம்பளியும் உலகில் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, லைக்கன். நம் சமையலறையில் உள்ள கல்பாசி இவ்வினத்தைச் சேர்ந்ததே. இதிலிருந்தும் டி3 எடுக்கப்படுகிறது. மூன்றாவது, ஈஸ்ட் என்னும் நொதிமத்தின்மீது புறஊதாக் கதிரைச் செலுத்திப் பெறும் டி2. இரத்தத்தில் அளவை உயர்த்துவதில் டி3 சற்று வலியது. ஆயினும் நாள்தோறும் தவறாமல் கொடுத்தால் டி2வும் குழந்தையைக் காக்கும்.

லைக்கனும் ஈஸ்ட்டும்கூட உயிர்கள்தாமே என்பீர்கள். ஆம். இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதம், இயங்கும் உயிர்களைக் கருதிக் கொல்லுதலை விலக்குகிறது. ஓரறிவுயிர்களிடத்து இயன்ற அளவு குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. இந்நெறியில் நுண்ணிய ஐயம் எழுமாயின் மடத்துச் சுவாமிகளிடம் கேட்டுத் தெளியலாம். மருத்துவன் என்ற நிலையில் நான் சொல்லக்கூடியது ஒன்றே: ஐயம் தீரும்வரை மருந்தை நிறுத்திவைக்காதீர்கள். மருத்துவரிடம் நம் நெறியைக் கூறி, லைக்கன் அல்லது ஈஸ்ட் மூலமுடைய மருந்தைக் கேளுங்கள். அது எல்லா ஊர்களிலும் எளிதில் கிடைப்பதில்லை. பெரிய கடைகளில் சொல்லிவைத்துப் பெற வேண்டியிருக்கும். மருந்தாக விற்கப்படும் புட்டியில் பச்சைப் புள்ளியை எதிர்பார்க்க இயலாது. ஆதலால் மூலம் எது என்று தயாரிப்பாளரிடமே எழுதிக் கேட்கலாம். இதனைக் குழந்தை பிறந்தபின் தேடாமல், தாய் கருவுற்றிருக்கும் காலத்திலேயே தேடி முடித்துவிடுவது நல்லது.

மூலத்தைக் கேட்கும் அதே கருத்துடன் அளவையும் கேட்க வேண்டும். ஒரு மருந்தில் 1 மில்லியில் 400 அலகு இருக்கும். மற்றொன்றில் 800 இருக்கும். சிலவற்றில் ஒரே துளியில் 400 இருக்கும். எனவே ஒரு புட்டியின் அளவுக் குழாயை வேறொன்றுக்குப் பயன்படுத்தலாகாது. பெரியவர்கள் வாரம் ஒருமுறை உட்கொள்ளும் தூளிலோ மாத்திரையிலோ 60,000 அலகு உள்ளது. அது குழந்தைக்கு 150 நாட்களுக்கு உரிய அளவு! அதனைத் தவறியும் கொடுத்துவிடலாகாது. அளவு மிகுந்தால் வாந்தி, மலச்சிக்கல், பால் குடிக்க மறுத்தல், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை உண்டாகும். குறைமாதக் குழந்தைக்கும், புட்டிப்பால் அருந்தும் குழந்தைக்கும் அளவு மாறுபடலாம். மருத்துவரே அதை முடிவு செய்யட்டும்.

இம்மருந்தை நாளில் எந்நேரமும் கொடுக்கலாம். இரவில் உண்ணாமை போற்றும் இல்லங்களில், காலையில் குழந்தையை நீராட்டிப் பாலூட்டும் வேளையையே இதற்குரிய வேளையாகக் கொள்ளலாம், மறதியும் நேராது. தசலட்சண நாட்களில் வீட்டார் உபவாசம் இருக்கலாம். பாலூட்டும் தாய் தன் உணவைக் குறைக்க வேண்டா. குழந்தையின் சொட்டு மருந்து எந்த நாளிலும் நிற்கவும் வேண்டா.

எவ்வுயிர்க்கும் இரங்குக என்று கற்பிக்கும் நெறி நம்முடையது. அவ்வுயிர்களுள் நம் தொட்டிலில் உறங்கும் உயிரும் ஒன்று. இளம் பெற்றோர் மூலத்தை ஆராய்ந்து, அளவை அறிந்து, நாள் தவறாமல் அம்மருந்தைக் கொடுப்பார்களாக.

அறம் வளர்க! ஜினதருமம் வாழ்க!