முப்பது வயதில் நர்சிங்: எந்தப் படிப்பில் சேருவது?

(நம் அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஆண்டுதோறும் கூடுகிறோம். இன்று பேசப்போவது அவர்களைப் பற்றி அல்ல. கணவர் மவுத்தான பிறகு, அல்லது வளைகுடாவிலிருந்து பணம் வருவது நின்ற பிறகு, "இனி நான் நர்சிங் படிக்க முடியுமா?" என்று நம் அலுவலகத்துக்கு வந்து கேட்கும் சகோதரிகளைப் பற்றி. தையல், கடை வேலை, நர்சரிப் பள்ளி வேலை என்று இருந்துவிட்டு முப்பது வயதில் புது வாழ்வு தேடுபவர்கள் அவர்கள்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்ப்போம். "இது நமக்கு ஏற்ற வேலையா?" என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். அகழ்ப் போரில் காயமடைந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் போர்க்களங்களில் நோயாளிகளைக் கவனித்தார்கள். நோயாளிக்குச் செய்யும் பணிவிடை நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல.

இனி படிப்புக்கு வருவோம். வழிகள் மூன்று.

ஒன்று, ஏ.என்.எம். இரண்டு ஆண்டுப் படிப்பு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் சேரலாம் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு இது அடிப்படை. சீக்கிரம் முடியும், ஆனால் மேலே போகும் வாய்ப்பு குறைவு.

இரண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பயிற்சிக் காலமும் அதற்குள் அடங்கும். பிளஸ் டூவில் ஆங்கிலத்துடன் 40 சதவீதம் வேண்டும். அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை உண்டு. முடித்துப் பதிவு செய்தவர்கள், பின்னால் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம்.

மூன்று, பி.எஸ்சி. நர்சிங். நான்கு ஆண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். 45 சதவீதம் தேவை.

கவுன்சில் விதிப்படி இவற்றுக்கு உச்ச வயது 35. அரசு நிறுவனங்களுக்கு அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் வேறு வரம்பும் வேறு பாடத் தகுதியும் இருக்கலாம். அதைப் படிக்காமல் முடிவெடுக்காதீர்கள்.

எங்கள் ஆலோசனை இது. வயது முப்பதை ஒட்டி, குடும்பத்தை நடத்தும் பொறுப்பும் இருந்தால் ஜி.என்.எம். நல்ல நடுவழி. மூன்றாம் ஆண்டு முடிவில் சம்பாதிக்கலாம். பட்டத்தின் கதவும் மூடாது. உயிரியல் படித்து நல்ல மதிப்பெண்ணும் இருந்து, நான்கு ஆண்டு வீட்டைக் கவனிக்க ஆள் இருந்தால் பி.எஸ்சி. சிறந்தது. சவூதி, அமீரகம் போக எண்ணுபவர்கள் இந்த இரண்டில் ஒன்றையே எடுங்கள். அங்கே தனியாக உரிமத் தேர்வும் எழுத வேண்டும்.

இப்போது எச்சரிக்கை. நகையை அடகு வைத்து, "ஓராண்டு நர்சிங் டிப்ளமோ" என்று விளம்பரம் செய்த ஓர் இடத்தில் சேர்ந்த சகோதரியை எங்களுக்குத் தெரியும். கையில் சான்றிதழ் இருக்கிறது. மாநில கவுன்சிலில் பதிவு செய்ய முடியவில்லை. பதிவு இல்லையென்றால் நர்ஸ் இல்லை; உதவியாளர் சம்பளம்தான். ஆகவே பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா? முடித்தால் பதிவு கிடைக்குமா? பயிற்சி எந்த மருத்துவமனையில்? ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. ஆகியவற்றை அஞ்சல் வழியில் படிக்க முடியாது. முடியும் என்பவரிடம் போகாதீர்கள்.

பணத்துக்கு வழி என்ன? தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்டோர் அதில் வருவார்கள். சாதிச் சான்றிதழைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். டாம்கோ மூலம் கல்விக் கடனும் உண்டு. அதற்கு வட்டி உண்டு. வட்டியைத் தவிர்க்க விரும்பும் சகோதரிகளுக்கு, தகுதி பார்த்து ஜகாத் நிதியிலிருந்து உதவியோ அழகிய கடனோ கொடுக்க முயல்வோம். அங்கீகாரமுள்ள படிப்புக்கு மட்டுமே கொடுப்போம்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. கட்டணத்தைவிடப் பெரிய கேள்வி, மூன்று ஆண்டு பிள்ளைகளை யார் பார்ப்பது என்பது. இரவுப் பணி முறை வைத்து வரும். ஆண் நோயாளிகளையும் பார்க்க வேண்டியிருக்கும். முக்காடு, சீருடை, தொழுகை நேரம் பற்றிச் சேரும் முன்பே நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதியில் "போதும், வீட்டுக்கு வா" என்று அழைப்பதைவிட, முதலிலேயே மாமியாரும் உம்மாவும் அண்ணன் தம்பிகளும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது நல்லது. நம் மஹல்லாவில் ஒரு பெண் படிக்கும்போது அவள் பிள்ளைக்கு மதியச் சோறு போட ஒரு வீடு முன்வந்தால், அதுவும் ஸதகாதான்.

சேர நினைப்பவர்கள் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழுடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். நீங்கள் சொல்லும் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று நாங்கள் விசாரித்துச் சொல்கிறோம். பணம் கட்டிய பிறகு அல்ல, கட்டும் முன் வாருங்கள்.

அல்லாஹ் நம் சகோதரிகளின் முயற்சியை லேசாக்கி, பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.